ஒரு தோட்டம், ஒரு காடு, நிறைய நோட்டுப் புத்தகங்கள்

நான் படித்த கல்லூரியில் தாவரவியல் துறைக்குப் பின்னால் ஒரு மகிழ மரம் நின்றது. அதில் ஆணி அடித்து ஒரு தகரத் தகடு மாட்டியிருந்தார்கள். தகட்டில் 'இலுப்பை' என்று எழுதியிருந்தது. மூன்று வருடம் அந்த நிழலில் உட்கார்ந்துதான் ரெக்கார்டு நோட்டு எழுதினோம். பூ உதிர்கிற காலத்தில் மணம் ஆளைத் தூக்கும். கையில் அள்ளினால் மகிழம்பூ, தலைக்கு மேலே தகட்டில் இலுப்பை. யாரும் மாற்றவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மகிழமும் இலுப்பையும் ஒரே குடும்பம்தான், சப்போட்டேசி. அந்த வகையில் பாதி மார்க் போடலாம்.

தாவரவியல் தோட்டம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்தத் தகடுதான் நினைவுக்கு வருகிறது. பூங்காவுக்கும் தாவரவியல் தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் செடியில் இல்லை. இரண்டிலும் அதே ரோஜா, அதே பனை, அதே புல்தரை இருக்கலாம். வித்தியாசம் பதிவேட்டில் இருக்கிறது. பூங்காவில் மரம் அழகாக இருந்தால் போதும். தாவரவியல் தோட்டத்தில் அந்த மரம் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு வந்தது, விதையாக வந்ததா கன்றாக வந்ததா, யார் பார்த்துப் பெயரை உறுதி செய்தார் என்றெல்லாம் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் நிழல் மட்டும் மிஞ்சும்.

நன்றாகப் பராமரிக்கிற தோட்டம் ஒன்றின் பெயர்ப்பலகையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே குடும்பப் பெயர் இருக்கும். நடுவில் பெரிதாக இரட்டைப் பெயர், அதாவது பேரினமும் சிற்றினமும். அதன் வாலில் ஓரிரு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். 'எல்.' என்று இருந்தால் அந்தப் பெயரை வைத்தவர் லின்னேயஸ், இந்த இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர். கீழே எந்த ஊர்ச் செடி என்ற குறிப்பு. ஓரத்தில், பார்க்க வருகிறவர்கள் யாரும் படிக்காத இடத்தில், ஓர் எண் இருக்கும். பல தோட்டங்களில் அதன் முதல் நான்கு இலக்கம் செடி வந்து சேர்ந்த ஆண்டு, மிச்சம் அந்த ஆண்டின் வரிசை எண். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எண்ணைச் சொன்னால் உங்கள் கதை முழுக்க வெளியே வருகிற மாதிரி, இந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால் செடியின் ஜாதகம் கிடைக்கும்.

ஜாதகத்தில் ஒரு கட்டம் ரொம்ப முக்கியம்: பிறப்பிடம். அதைக் குறிக்க உலகத் தோட்டங்கள் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பொதுவாக வைத்திருக்கின்றன. 'டபிள்யூ' என்றால் காட்டிலிருந்து நேரே எடுத்தது. 'இசட்' என்றால் அப்படி எடுத்ததன் பிள்ளையோ பேரனோ. 'ஜி' என்றால் தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்தது. 'யு' என்றால் தெரியாது. ஆராய்ச்சி செய்கிறவருக்கு டபிள்யூ தங்கம். யு கொஞ்சம் சங்கடம். எங்கள் மகிழ மரம் யு-வில்கூடச் சேராது, அதற்குப் பெயரே தப்பு.

சரி, பாடம் நடத்துவதற்கு வகுப்பறையும் கரும்பலகையும் இருக்கும்போது பல்கலைக்கழகத்துக்குத் தோட்டம் எதற்கு?

தொடங்கிவைத்தவர்கள் மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர்கள். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மருந்து என்றால் பெரும்பாலும் மூலிகை. மாணவர்கள் மூலிகையைப் புத்தகத்தில் படித்தார்கள், சந்தையில் வாங்கினார்கள். சந்தையில் விற்றது சரியான செடிதானா என்பது விற்றவருக்கே வெளிச்சம். நம் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த வேரை முகர்ந்து பார்த்து "இது அதுதானா?" என்று சந்தேகப்பட்டவர்களுக்கு இந்தக் கவலை புரியும். இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகம் 1545-ல் தோட்டம் போட்டது இதற்காகத்தான். பீசா அதற்கு ஓராண்டு முன்பே போட்டுவிட்டது, ஆனால் பிற்பாடு இடம் மாறியது. பதுவாவின் தோட்டம் முதலில் போட்ட இடத்திலேயே இன்றும் இருக்கிறது. ஆசிரியர் செடி முன்னால் நின்று இதுதான் அது என்று காட்டுவார். கொஞ்ச நாளில் விலை உயர்ந்த மூலிகைகள் இரவோடு இரவாகக் காணாமல் போகவே, சுற்றி வட்டமாக மதில் எழுப்பினார்கள். பாடப்புத்தகத்தைத் திருடுவதை விட மோசமான திருட்டு அது. நாளைக்கு வகுப்பே நடக்காது.

பதுவாவிலிருந்து இந்த வழக்கம் வடக்கே பரவியது. அப்படிப் பரவிய இடங்களில் ஆக்ஸ்ஃபோர்டைப் பற்றித்தான் இனி விரிவாகச் சொல்லப்போகிறேன். காரணம், அந்தப் பல்கலைக்கழகத்திடம் ஒரு தோட்டமும் இருக்கிறது, ஊருக்கு வெளியே ஒரு காடும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு பாடம் நடத்துகின்றன.

நாலாயிரம் வண்டி எரு

1621-ல் ஹென்றி டேன்வர்ஸ் என்ற பிரபு ஐயாயிரம் பவுண்டு கொடுத்தார். மருந்துச் செடித் தோட்டம் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த பணம். சார்வெல் ஆற்றங்கரையில் மாட்லின் கல்லூரிக்கு எதிரே இடம் கிடைத்தது. 1290-ல் இங்கிலாந்திலிருந்து யூதர்களை விரட்டும் வரை அது அவர்களுடைய இடுகாடாக இருந்த நிலம். ஆற்றோரம் என்பதால் வெள்ளம் ஏறும். நிலத்தை மேடாக்க நாலாயிரம் வண்டி சாணமும் குப்பையும் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்புறம் உயரமான கல் மதில், பெரிய வாசல் வளைவு. இந்தக் கட்டட வேலையிலேயே காசு கரைந்துவிட்டது. நம் ஊரில் நுழைவு வளைவை ஜோராகக் கட்டிவிட்டு உள்ளே பெஞ்சு போடக் காசில்லாமல் நிற்கும் நிறுவனங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

1642-ல்தான் ஒழுங்கான தோட்டக்காரர் வந்தார். பெயர் ஜேக்கப் போபார்ட், ஜெர்மனிக்காரர். அதே ஆண்டு இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் வெடித்தது. சம்பளம் ஒழுங்காக வரவில்லை. தோட்டத்தில் விளைந்த பழங்களை விற்றுச் சமாளித்திருக்கிறார். அந்த நிலைமையிலும் 1648-ல் தோட்டத்தில் இருந்த செடிகளின் பட்டியல் அச்சாகி வெளிவந்தது. எனக்கு இந்த மனிதரிடம் பிடித்தது இதுதான். தோட்டம் போட்டவர்கள் மதிலுக்குச் செலவழித்தார்கள், போபார்ட் பட்டியலுக்கு நேரம் செலவழித்தார். மதில் இல்லாத நல்ல தாவரவியல் தோட்டங்கள் உண்டு. பட்டியல் இல்லாத ஒன்றும் கிடையாது.

போபார்ட் காலத்தில் 1645-ல் நட்ட யூ என்ற ஊசியிலை மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. தோட்டத்தில் மிகப் பழைய மரம் அதுதான். யூவின் இலையும் விதையும் கடும் விஷம். அந்த இனத்தின் ஊசி இலைகளிலிருந்து எடுக்கும் பொருளை வைத்துத்தான் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டோசிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை உருவாக்கினார்கள். மரத்தை நட்டபோது யாருக்கும் இது தெரியாது. எந்தச் செடி எப்போது பேசும் என்று தெரியாததால்தான் தோட்டங்கள் 'உபயோகம் இல்லாத' செடிகளையும் வைத்துக் காப்பாற்றுகின்றன.

இன்றைக்கு அந்தத் தோட்டத்தின் பரப்பு சுமார் 4.5 ஏக்கர். நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர விவசாயியின் வயல். அதற்குள் சுமார் 5,000 வகைத் தாவரங்கள் இருக்கின்றன. பெரிய மரங்களை வளர்க்க இடம் பற்றாமல், நகரத்துக்குத் தெற்கே ஹார்கோர்ட் என்ற பெயரில் 130 ஏக்கரில் தனி மரத்தோட்டம் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்ன உறவுக் கதை. 1736-ல் லின்னேயஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். அப்போது அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் டில்லேனியஸ். அவர் பெயரைத்தான் லின்னேயஸ் ஒரு பேரினத்துக்கு வைத்தார்: டில்லேனியா. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அகன்ற இலையோடு நிற்கும் டில்லேனியா மரத்தைப் பார்த்தால், அந்தப் பெயருக்குள் ஓர் ஆக்ஸ்ஃபோர்டு வாத்தியார் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம்.

துளசியும் தேக்கும் சொந்தக்காரர்கள்

தோட்டத்தின் மதிலுக்குள் நீளநீளமான பாத்திகள் உண்டு. ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு குடும்பம். புத்தகத்தில் பத்துப் பக்கத்தில் வருகிற குடும்பப் பண்புகளை இங்கே பத்தடி நடந்து தெரிந்துகொள்ளலாம். இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு போகாமலே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம்.

துளசிச் செடியின் இளந்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். உருளாது, தடுக்கும். நான்கு விளிம்பு இருக்கிறது. அப்புறம் சமையலறையில் இருக்கும் புதினாவை எடுத்து அதே மாதிரி உருட்டுங்கள். அதுவும் சதுரம். வேலியோரம் தும்பை கிடைத்தால் அதுவும் சதுரம். மூன்றிலும் இலைகள் எதிரெதிராக ஜோடி போட்டிருக்கும், ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்தது வடக்கு தெற்கு. பூவைப் பிரித்தால் உதடு மாதிரி மேலும் கீழும் விரிந்திருக்கும். இப்போது உங்கள் விரலுக்கே லேமியேசி குடும்பம் தெரிந்துவிட்டது. இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தால் மறக்கும். விரலால் படித்தால் மறக்காது. மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நட்டால் அதுதான் குடும்பப் பாத்தி.

இதில் அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியம். தமிழ்நாட்டில் தாவரவியல் பட்டம் படித்த யாரைக் கேட்டாலும் 'பெந்தம் ஹூக்கர்' என்று தூக்கத்திலும் சொல்வார்கள். செடிகளைக் குடும்பம் குடும்பமாக வகைப்படுத்திய இரண்டு ஆங்கிலத் தாவரவியலாளர்கள் அவர்கள். 1862-க்கும் 1883-க்கும் இடையே வெளியான அவர்களுடைய நூல்தான் நம் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு. ஆக்ஸ்ஃபோர்டு பாத்திகளும் நெடுங்காலம் அந்த வரிசைப்படிதான் இருந்தன. அந்த வகைப்பாட்டில் தேக்கும் நொச்சியும் வெர்பினேசி, உண்ணிச்செடியின் குடும்பம். பூ, காய், இலையைக் கண்ணால் பார்த்துப் பிரித்த காலம் அது. பிறகு மரபணுவைப் படிக்கும் வசதி வந்தது. படித்துப் பார்த்தால் தேக்கும் நொச்சியும் துளசியின் பக்கம். இப்போது அவை லேமியேசி. எருக்குக்கு இருந்த தனிக்குடும்பத்தையும் எடுத்துவிட்டு அரளியோடு சேர்த்துவிட்டார்கள். தேக்கின் இளங்கிளையைத் தொட்டுப் பாருங்கள், அதுவும் நான்கு விளிம்புதான். விரலுக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

வகைப்பாடு மாறினால் புத்தகத்தில் அடுத்த பதிப்பு போட்டால் போதும். தோட்டத்தில் செடியைப் பெயர்த்து நட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பாத்திகளை மரபணு அடிப்படையிலான புதிய வரிசைக்கு மாற்றினார்கள். மண்வெட்டியோடு நின்று குடும்ப அட்டையில் பேர் நீக்கிச் சேர்க்கிற வேலை. அறிவியல் எப்போதும் முடிந்துபோன விஷயம் இல்லை என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நேரான வழி எனக்குத் தோன்றவில்லை. சென்ற வருடம் இங்கே இருந்த செடி இந்த வருடம் அங்கே இருக்கிறது, ஏன்? அந்தக் கேள்வியோடு வகுப்பைத் தொடங்கலாம்.

மதில் தாண்டிய மஞ்சள் பூ

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொன்னால் பொய். தோட்டங்கள் செய்த தப்புகளிலும் பாடம் இருக்கிறது, சொல்லப்போனால் அதில்தான் அதிகம்.

1700ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சிசிலித் தீவின் எட்னா எரிமலைப் பக்கமிருந்து ஒரு செடி இங்கிலாந்துக்கு வந்து, ஆக்ஸ்ஃபோர்டு தோட்டத்தில் இடம் பிடித்தது. முழங்கால் உயரம், மஞ்சள் பூ, சூரியகாந்திக் குடும்பம். விதையின் தலையில் வெள்ளைப் பஞ்சுக் குடை. நம் வெட்டுக்காயப் பூண்டின் விதை பறப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே குடும்பம், அதே உத்தி. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் செடி மதில் தாண்டி நகரத்தின் பழைய கல் சுவர்களில் முளைத்துவிட்டது. எரிமலைப் பாறை இடுக்கில் வாழ்ந்த செடிக்குக் கல் சுவர் பழகிய வீடு.

அத்தோடு நின்றிருக்கும். 1844-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயில் வந்தது. தண்டவாளத்தின் இரு பக்கமும் கரித்துண்டும் கசடும் கலந்த கரடுமுரடான படுகை. தண்ணீர் நிற்காது, வெயிலில் சுடும், வேறு செடி வராது. எட்னாவின் சரிவைக் கொண்டுவந்து இங்கிலாந்து முழுக்க நீளமாக விரித்துப் போட்ட மாதிரி. ரயில் ஓடும் வேகத்தில் எழும் காற்று விதைகளை இழுத்துக்கொண்டு போனது. ட்ரூஸ் என்ற தாவரவியலாளர் ஒருமுறை ரயிலில் போகும்போது ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இந்தப் பஞ்சு விதைகள் ஜன்னல் வழியாக உள்ளே வந்தனவாம். பெட்டிக்குள்ளேயே மிதந்துகொண்டு பயணம் செய்து டைல்ஹர்ஸ்ட் என்ற ஊர் அருகே வெளியே போனதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். டிக்கெட் எடுக்காத பயணி.

பரவிய செடி அங்கிருந்த உள்ளூர் களைச்செடி ஒன்றோடு கலந்தது. கலப்பில் புதிய சிற்றினங்களே பிறந்தன. ஒன்றை 1948-ல் வேல்ஸில் கண்டார்கள். இன்னொன்றை 1979-ல் யார்க் நகரத்து ரயில் நிலையத்துப் பக்கம் கண்டு, 2003-ல் பெயர் வைத்தார்கள். யார்க் செடி பிறகு இயற்கையில் அழிந்தே போனது. விதை வங்கியில் இருந்த விதைகளை எடுத்து 2023-ல் மறுபடி யார்க்கில் விதைத்தார்கள். ஒரு தோட்டத்தின் கவனக்குறைவிலிருந்து ஒரு புது உயிரினம் பிறந்து, அழிந்து, மீண்டு வந்த கதை ஏறக்குறைய முன்னூறு வருடத்தில் நடந்து முடிந்திருக்கிறது. பரிணாமம் என்றால் கோடி வருடக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். இதையெல்லாம் நம்மால் சொல்ல முடிவதே, எந்த ஆண்டு எந்தச் சுவரில் பார்த்தேன் என்று யாரோ குறித்து வைத்ததால்தான்.

எல்லா ஓட்டமும் இப்படிச் சாதுவாக முடிவதில்லை. உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காக வந்தது. இன்றைக்கு முதுமலையில் சஃபாரி வண்டியில் போனால் சாலையின் இரு பக்கமும் மான் மேய வேண்டிய இடத்தில் அதுதான் புதராக மண்டிக் கிடக்கிறது. அதனால்தான் புதுச்செடி வந்தால் அது தன் போக்கில் விதை பரப்புமா என்று இப்போது தோட்டங்கள் முதலில் பார்க்கின்றன. ஒரு நாட்டின் விதையை எடுக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும் என்ற ஒப்பந்தமும் 1992-லிருந்து இருக்கிறது. முன்பு மாதிரி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கப்பல் ஏற முடியாது.

காடு நடத்தும் பாடம்

தோட்டத்தில் எல்லாம் மனிதர் வைத்தது. எது எதோடு சண்டை போடும், எது எதைத் தின்னும் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது. புழு வந்தால் தோட்டக்காரர் எடுத்துப் போட்டுவிடுவார். அதற்குக் காடு வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வடமேற்கே சுமார் ஐந்து கிலோமீட்டரில் வைட்டம் காடு இருக்கிறது. ஆயிரம் ஏக்கர் அளவு. ரேமண்ட் ஃபென்னல் என்பவர் இறந்துபோன தன் மகளின் நினைவாக 1942-ல் பல்கலைக்கழகத்துக்குச் சேரும்படி செய்தார். கன்னி காடு என்று கற்பனை செய்ய வேண்டாம். நூற்றாண்டுகளாக மரம் வெட்டிய இடம், நட்ட இடம், மேய்ச்சலை நிறுத்திய பின் தானே மரம் வந்த இடம் எல்லாம் கலந்து கிடக்கிறது. 'இயற்கைப் பகுதி' என்றால் மனிதர் கை படாத இடம் என்று அர்த்தம் இல்லை. இனிமேல் கை வைத்தால் எழுதி வைத்துவிட்டு வைப்போம் என்று முடிவு செய்த இடம்.

1947-ல் டேவிட் லாக் என்ற பறவையியலாளர் இங்கே மரங்களில் கூண்டுப் பெட்டிகளை மாட்டினார். பட்டாணிக் குருவியின் ஐரோப்பிய உறவினர் அதில் குடியேறும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் நாம் பார்க்கும் பட்டாணிக் குருவியை விடக் கொஞ்சம் பெரியது, வயிறு மஞ்சள். லாக்கின் கேள்வி எளிமையானது. குருவி ஏன் எட்டு ஒன்பது முட்டை இடுகிறது? ஏன் நாலு இல்லை, ஏன் இருபது இல்லை?

அன்று தொடங்கிய கணக்கு இன்னும் நிற்கவில்லை. இப்போது ஆயிரத்துக்கு மேல் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் எண். வசந்தம் வந்ததும் ஆட்கள் பெட்டி பெட்டியாகப் போய் மூடியைத் திறந்து பார்க்கிறார்கள். முதல் முட்டை எந்தத் தேதி, மொத்தம் எத்தனை, எத்தனை பொரிந்தது என்று குறிக்கிறார்கள். குஞ்சுக்கு இரண்டு வாரம் ஆனதும் காலில் எண் பொறித்த வளையம் போடுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே வளையத்தோடு தாயாகத் திரும்பி வந்தால், இது யார் வீட்டுப் பெண் என்று பதிவேடு சொல்லும். பாட்டி, கொள்ளுப்பாட்டி வரைக்கும் போகலாம். நம்மில் பலருக்குத் தெரியாத விவரம் அந்தக் குருவிகளுக்கு இருக்கிறது. இடையில் வீசல் என்ற, கீரி மாதிரி ஒல்லியான விலங்கு மரம் ஏறிப் பெட்டிக்குள் புகுந்து குஞ்சுகளைத் தின்னப் பழகிக்கொண்டது. 1970களில் அது நுழைய முடியாத காரைப் பெட்டிகளுக்கு மாற வேண்டி வந்தது. பெட்டி மாறியதும் பதிவேட்டில் இருக்கிறது, இல்லாவிட்டால் அந்த ஆண்டோடு குஞ்சுகள் திடீரெனப் பெருகியது ஏன் என்று பின்னால் வருபவர் குழம்பிப்போவார்.

குஞ்சுகளுக்கு உணவு, ஓக் மரத்தின் இளந்தளிரைத் தின்னும் புழு. அது குளிர்கால அந்துப்பூச்சியின் புழு. அந்தப் பூச்சிக்குத் தனி ஆராய்ச்சி நடந்தது. வார்லி, கிராட்வெல் என்ற இருவர் 1950-லிருந்து கிட்டத்தட்ட இருபது ஆண்டு அதைப் பின்தொடர்ந்தார்கள். பெண் பூச்சிக்குப் பறக்கச் சிறகு கிடையாது. நவம்பர், டிசம்பர் இருட்டில் மண்ணிலிருந்து வெளியே வந்து அடிமரத்தைப் பிடித்து நடந்தே மேலே ஏறும். அடிமரத்தில் பொறி வைத்தால் எத்தனை ஏறின என்று எண்ணலாம். வசந்தத்தில் புழுக்கள் தின்று கொழுத்து மண்ணுக்கு இறங்கும்போது கீழே தட்டு வைத்தால் எத்தனை இறங்கின என்றும் எண்ணலாம். இரண்டுக்கும் நடுவே காணாமல் போனவற்றின் கணக்கைப் போட்டார்கள். எந்தப் பருவத்தில் எத்தனை உயிர் சாகிறது என்று காட்டுவதற்குச் சூழலியல் பாடப்புத்தகங்களில் வரும் வாழ்வு அட்டவணைக்கு இது புகழ்பெற்ற உதாரணம். நாம் அதை ஒரு கட்டம் போட்ட அட்டவணையாகப் பார்க்கிறோம். அதன் பின்னால் குளிரில் நின்று அடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் இருக்கிறார்.

இப்போது மூன்றையும் சேருங்கள். ஓக் தளிர்க்கும் நாள், புழு பெருகும் நாள், குருவிக் குஞ்சு வாய் பிளக்கும் நாள். மூன்றும் பொருந்தினால்தான் குஞ்சு பிழைக்கும். வசந்தம் முன்பை விடச் சீக்கிரம் சூடாகிறது, ஓக் முன்னதாகத் தளிர்க்கிறது, புழுவும் முன்னதாக வருகிறது. வைட்டம் குருவிகள் 1960களில் இட்டதை விட இரண்டு வாரம் அளவுக்கு முன்பே முட்டை இடுகின்றன. தங்கள் நாட்காட்டியைத் தாங்களே திருத்திக்கொண்டுவிட்டன. லாக் 1947-ல் பெட்டி மாட்டியபோது வானிலை மாற்றம் பற்றி யோசிக்கவே இல்லை. அவர் கேட்டது முட்டைக் கணக்கு. விடை கிடைத்ததும் பெட்டிகளைக் கழற்றியிருந்தால் இந்தச் சேதி நமக்கு வந்திருக்காது.

அதே காட்டில் சார்லஸ் எல்டன் என்ற சூழலியலாளர் இருபது ஆண்டுகளுக்கு மேல் சுற்றினார். விழுந்து மக்கும் கட்டைகளை அவர் விடாமல் புரட்டிப் பார்த்தார். பட்டுப்போன மரத்தையும் விழுந்த கட்டையையும் 'சுத்தம்' செய்துவிட்டால் காட்டின் விலங்கு வகைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடக்கூடும் என்று கணித்தார். நம் வளாகங்களில் காய்ந்த மரத்தைக் கண்டாலே டெண்டர் விடுகிற பழக்கம் நினைவுக்கு வருகிறது.

முதுமலைக்கும் வைட்டத்துக்கும் ஒரே கணக்கு

வைட்டத்தில் 18 ஹெக்டேர் அளவுக்கு ஒரு பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நெஞ்சளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள கன்று முதல் பெரிய மரம் வரை ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி அளப்பார்கள். உலகம் முழுக்க இதே முறையில் அளக்கும் காடுகளின் கூட்டமைப்பில் இது ஒன்று.

அந்தக் கூட்டமைப்பில் நம் முதுமலையும் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-ல் அங்கே 50 ஹெக்டேரில் இதே வேலையைத் தொடங்கினார்கள். வைட்டத்தை விட மூத்தது, பெரியது. முறை ஒன்றே என்பதால் ஓக் காட்டையும் தேக்குக் காட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே மான் கன்றைக் கடித்தது என்று எழுதுவார்கள். இங்கே யானை ஒடித்தது, தீ பிடித்தது என்று எழுதுவார்கள்.

மாணவர்கள் இதிலெல்லாம் என்ன கற்கிறார்கள் என்றால், முதலில் பொறுமையாக எண்ணக் கற்கிறார்கள். ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு உள்ளே இருக்கும் செடிகளை எண்ணச் சொன்னால் முதல் நாள் இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு வரும். ஏன் வந்தது என்று பார்ப்பதுதான் வகுப்பு. இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு வேண்டாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு மாறியபோது கிடைத்த பெரிய வளாகத்தில் புதர்க்காடு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் புள்ளிமான் சாலை கடக்கிறது. அவ்வளவு இல்லாத கல்லூரியிலும் ஐந்து வேப்ப மரமாவது இருக்கும். எந்த மரம் எந்தத் தேதியில் துளிர்த்தது, எப்போது பூத்தது என்று வாரம் ஒருமுறை குறித்தால் போதும். 'சீசன்வாட்ச்' என்ற பெயரில் நாடு முழுக்க இப்படி மரம் பார்த்துக் குறிக்கும் திட்டமே நடக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் உட்பட யார் வேண்டுமானாலும் சேரலாம்.

முதல் வருடம் அந்த நோட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டாவது வருடமும் பெரிதாகத் தெரியாது. அதுதான் இந்த வேலையில் இருக்கும் கஷ்டம். மூன்று வருடத்தில் மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார், நோட்டு அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். ஒரு தனி ஆளால் முடியாததைப் பல்கலைக்கழகம் செய்ய முடிவது இந்த இடத்தில்தான். ஆள் மாறுவார், அலமாரி மாறாது. அலமாரியைக் காலி செய்து பழைய பேப்பர்க்காரரிடம் போடாத வரைக்கும்.

வைட்டத்தில் இப்போது ஆஷ் மரங்கள் சாகின்றன. ஐரோப்பா முழுக்கப் பரவிய ஒரு பூஞ்சை நோய் சில ஆண்டுகளுக்கு முன் அங்கேயும் வந்துவிட்டது. அந்தக் காட்டில் மிகுதியாக உள்ள மரங்களில் ஆஷும் ஒன்று. எண் போட்ட 18 ஹெக்டேருக்குள் நிற்கும் ஆஷ்களுக்கும் இதே கதிதான். அடுத்த முறை அளக்கப் போகும்போது பலவற்றின் பக்கத்தில் 'இறந்தது' என்று எழுதுவார்கள். எந்த எண், எந்தத் தேதி, பக்கத்து மரம் எப்படி இருக்கிறது, விழுந்த வெளிச்சத்தில் கீழே என்ன முளைக்கிறது என்று அடுத்தடுத்த கட்டங்களையும் நிரப்புவார்கள்.